சேர்க்கைப் படிவத்துக்கு முன் ஒரு பக்கம்

உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பின் தலைவர் அவர்களுக்கு,

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தாங்கள் வெளியிடும்போதெல்லாம் அதை நாளிதழிலிருந்து வெட்டிவைத்து, என்னிடம் யோசனை கேட்டு வரும் பெற்றோரிடம் காட்டி வருகிறேன். முப்பத்தொரு ஆண்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பட்டியலால் சில குடும்பங்களின் பணம் தப்பியிருக்கிறது. அதற்கு முதலில் என் நன்றி. இந்த மடல், அந்தப் பட்டியலில் இல்லாத, முறையான அங்கீகாரத்தோடு பட்டம் வழங்குகிற தனியார் பல்கலைக்கழகங்களையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் பற்றியது.

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுவாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். உயிரித் தொழில்நுட்பம் படித்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது மகளின் ஆசை. அவர் கையில் வழவழப்பான கையேடு ஒன்று. அட்டையிலேயே மூன்று பெருமைகள்: ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள், நூற்றுக்கணக்கான காப்புரிமைகள், உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள். "இவ்ளோ ஆராய்ச்சி நடக்குற இடம்னா புள்ள நல்லா வந்துரும்ல சார்?" என்று கேட்டார். முன்பணம் கட்ட நான்கு நாள் கெடு. நகையை அடகு வைக்கப் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மூவரும் கணினி முன் உட்கார்ந்து, காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினோம். முதலில் வந்த இருபது விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தோம். காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது ஒன்றுக்குத்தான். மற்ற பத்தொன்பதும் 'வெளியிடப்பட்டவை'. விண்ணப்பம் போட்டுப் பதினெட்டு மாதம் ஆனால் அது அலுவலக இதழில் பொதுவாக வெளியாகிவிடும். தனிக் கட்டணம் கட்டிக் கேட்டால் அதற்கு முன்பே வெளியாகும். கண்டுபிடிப்பு புதியதுதானா என்ற பரிசோதனை வேறு. அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். வெளியான விண்ணப்பம், வழங்கப்பட்ட காப்புரிமை இரண்டுக்கும் கையேட்டில் 'காப்புரிமை' என்று ஒரே பெயர். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு உதவத் தந்த சலுகைதான். ஆனால் எண்ணிக்கை காட்ட நினைப்பவருக்கும் அது வழியைச் சுலபமாக்கிவிட்டது. ஒரு விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்கள் எட்டுப் பேர், எட்டு ஊர்களில் எட்டுக் கல்லூரிகளில் வேலை செய்பவர்கள். "இவங்க எல்லாரும் எந்த லேப்ல சேர்ந்து செஞ்சாங்க சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கட்டுரைகளின் கதையும் தாங்கள் அறியாததல்ல. 2023-ல் 'சயின்ஸ்' இதழ், சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் இளநிலை மாணவர்கள் தேர்வு எழுதுவதுபோல் அமர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுவதையும், அவற்றில் அதே கல்லூரியின் கட்டுரைகளே திரும்பத் திரும்ப மேற்கோளாவதையும் உலகறிய எழுதியது. அதே ஆண்டில் ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நம் நாட்டு ஆசிரியர்களின் கட்டுரைகளும் அவற்றில் உண்டு. இரண்டு சதவீதப் பட்டியல் என்பது ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மேற்கோள்களை வைத்துப் போடும் ஒரு கணக்கு. சுய மேற்கோள்களைக் கழித்தால் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. 2024 முதல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் விவரமும் சேர்ந்திருக்கிறது. கையேட்டுக்குப் பெயர்கள் மட்டுமே வந்து சேர்கின்றன.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்பதும் வெளிப்படை. 2016 முதல் வரும் தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கு நூறில் முப்பது பங்கு ஆராய்ச்சிக்கு. தரவரிசையில் ஏறினால் சேர்க்கை ஏறும், கட்டணமும் ஏறும். என்னிடம் படித்த இருவர் இப்படிப்பட்ட நிறுவனங்களில் உதவிப் பேராசிரியர்கள். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று இலக்கு வைத்திருக்கிறார்களாம். எட்டாவிட்டால் ஊதிய உயர்வு நிற்குமாம். அதில் ஒருவர் வகுப்புக்குத் தயார் செய்ய நேரமில்லை என்று சொல்லிக் கண் கலங்கினார். கடன் வாங்கிப் பணம் கட்டிய பிள்ளைகள்தான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையாக ஆய்வு செய்யும் தனியார் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. எண்ணிக்கைப் போட்டியில் முதலில் தோற்பவை அவைதான்.

தாங்கள் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை 2022-ல் நீக்கியது சரியான முடிவு. கல்வி அமைச்சகத்தின் 2025 தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டதும் நல்ல தொடக்கமே. ஆனால் அந்தக் குறைவு மொத்த மதிப்பெண்ணுக்குள் கரைந்துவிடுகிறது, பெற்றோர் கண்ணில் படுவதில்லை. அதே 2025-ல் ஆய்விதழ்களின் அங்கீகாரப் பட்டியலைக் கைவிட்டு, நல்ல இதழ் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டீர்கள். எண்ணிக்கையால் ஆதாயம் பெறுகிறவரிடமே தராசைக் கொடுத்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

இப்போது தங்களால் ஒரே சுற்றறிக்கையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேர்க்கை விளம்பரம் தரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், தாங்கள் வகுக்கும் ஒரே படிவத்தில், ஒரு பக்கத்தில் தன் ஆராய்ச்சிக் கணக்கைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று ஆணையிடுங்கள். வழங்கப்பட்ட காப்புரிமை எத்தனை, வெறுமனே வெளியான விண்ணப்பம் எத்தனை என்று அதில் தனித்தனியே இருக்கட்டும். ஐந்து ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள், மேற்கோள்களில் தன் நிறுவனத்தவர் தந்தவற்றின் பங்கு, வெளியிலிருந்து உண்மையில் கைக்கு வந்த ஆய்வு நிதி, முழுநேர ஆய்வு மாணவர்களின் எண்ணிக்கை ஆகியவையும் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்பதையும் சொல்ல வேண்டும். கீழே பதிவாளர் கையெழுத்திடட்டும். அந்தப் பக்கம் இல்லாமல் ஆராய்ச்சி எண்ணிக்கை எதையும் விளம்பரத்தில் போடக் கூடாது.

சொன்னதைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். நாங்கள் மூவர் ஒரு மாலையில் இருபது விண்ணப்பங்களைப் பார்த்தோம். தங்கள் அலுவலகம் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஐம்பதைக் குலுக்கலில் எடுத்துப் பார்க்க முடியும். பொய் என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு புதிய பாடப்பிரிவு கிடையாது என்று சொல்லும் அதிகாரமும் தங்களிடம் இருக்கிறது.

அந்த லேத் பட்டறைக்காரர் நான்காம் நாள் பணம் கட்டிவிட்டார். வேறெங்கும் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அவர்மீது எனக்குக் குறையில்லை. அவருடைய மகன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கான கையேடு மே மாதம் வீடு தேடி வரும். அதற்கு முன் அந்த ஒரு பக்கம் வந்து சேரத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்