முப்பது வினாடியில் மறைகிறவர்கள்

"மேடம், நீங்க போய்ச் சொன்னா கேட்பாங்க. கொஞ்சம் ஃப்ரேமை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்க."

பாம்பனின் தென்கரை. பௌர்ணமிக்கு மறுநாள் காலை. நீர் வற்றிப் பாறைகள் பாசியோடு வெளியே தெரிந்தன. ஒளிப்படப் பயிற்சி முகாமுக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரில் நான் ஒருத்திதான் பெண். அதனால் தூது போகும் வேலை எனக்கு. எதிரே இடுப்பளவு நீரில் ஏழெட்டுப் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணிக்கிழிசல். மூழ்குவதும் எழுவதுமாகப் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போய்ச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார்: "அவுகளுக்கு இன்னிக்கி வெளிச்சம் போனா நாளைக்கி வரும் தாயி. எங்களுக்குத் தண்ணி ஏறிருச்சுன்னா நாளு போச்சு."

திரும்பி வந்து, நகர மாட்டார்கள் என்றேன். முகாமை நடத்தியவர் சிரித்தார். "பரவாயில்லை, முப்பது செகண்ட் வெச்சா தானா மறைஞ்சிடுவாங்க."

அவர் சொன்னது தொழில்நுட்பப்படி நூற்றுக்கு நூறு சரி. லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியாக ஒரு என்டி ஃபில்டர், ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 30 வினாடி. அலை பாலாகும், பனிப்புகையாகும். பாறை அசையாது, எனவே கூர்மையாக விழும். இடையில் அசைந்துகொண்டே இருப்பவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். அதாவது வேலை செய்கிறவர்கள்.

இது புதிய தந்திரம் இல்லை. 1838இல் டாகேர் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படமெடுத்தார். வண்டிகளும் ஆட்களும் போய்வந்துகொண்டிருந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. பதிந்தது முக்கியமாக ஓர் ஆண். சப்பாத்துக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி நின்றவர். நின்று சேவை வாங்குகிறவர் பதிவார். அந்தக் காலடியில் வேலை செய்தவர் மங்கலாக, கண்ணைச் சுருக்கித் தேடினால் தெரிவார். ஒளிப்படக் கலை பிறந்த கையோடு எடுத்த படம் இது!

இப்படி எடுத்த படத்துக்குத்தான் 'இயற்கை' என்று தலைப்பு வைக்கிறார்கள். எது இயற்கை? அந்தப் பாறையில் இருப்பது மரிக்கொழுந்துப் பாசி. அகர் அதிலிருந்துதான் வருகிறது. சற்றுத் தள்ளி அலையில் ஆடுவது கட்டக்கோரை. அதிலிருந்து அல்ஜினேட். உங்கள் ஐஸ்க்ரீமுக்கும் ஆய்வுக்கூடத் தட்டுக்கும் போகிற சரக்கு அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது 1986இல். அதற்கு வெகுமுன்பே அந்தக் கடலில் பெண்கள் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பவளப்பாறை சிதையும் என்று இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டு வெறுங்கையால் பறிக்கிறார்கள். இதற்காகத்தான் 2015இல் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. உங்கள் முன்புலத்தில் அழகாகத் தெரிகிற பாறையை இரும்பு படாமல் வைத்திருக்கும் கைகளைத்தான் 'கறை' என்று அழிக்கிறீர்கள்.

'காத்திருந்து பெற்ற ஒளி' என்று பெருமை பேசுவார்கள். அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள்? அதிகாலை நாலு மணிக்கு ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஆணை, எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று எந்த வீட்டிலாவது கேட்கிறார்களா? நான் அனுமதி வாங்க மூன்று நாள் ஆனது. வந்த இடத்தில் கழிப்பறை இல்லை. அன்று முழுக்க நான் தண்ணீர் குடிக்கவில்லை. கடலில் நின்றவர்களுக்கும் அதே கதைதான், மாதவிடாய் நாட்களிலும். 'பொறுமையே இக்கலையின் அடிப்படை' என்று அன்று எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள்.

பாறையும் கடற்பாசியும் என்றால் எட்வர்ட் வெஸ்டனைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள், கலிஃபோர்னியாவின் பாயிண்ட் லோபஸ் கரையில் அவர் எடுத்த படங்களை. நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு 1937இல் கூகன்ஹைம் உதவித்தொகை கிடைக்க விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் சாரிஸ் வில்சன். அந்தப் பயணத்தில் கார் ஓட்டியவரும் அவர். பயணத்திலிருந்து பிறந்த புத்தகத்துக்கு உரைநடை எழுதியவரும் அவர். அவரை உலகம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? மணல்மேட்டில் கிடக்கும் நிர்வாண உடலாக.

இன்னும் பின்னால் போவோம். ஒளிப்படங்களால் ஆன உலகின் முதல் புத்தகமே கடற்பாசியைப் பற்றியது. செய்தவர் ஒரு பெண். 1843இல் இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ், இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் பாசியைப் பரப்பி, வெயிலில் வைத்து, தண்ணீரில் அலசி எடுத்தார். நீலத்தின் மேல் வெள்ளையாகப் பாசியின் ஒவ்வொரு நரம்பும் நின்றது. கேமராவே கிடையாது. பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தார். வசதியான வீட்டுப் பெண்தான், அவரோடு என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். ஆனால் முன்னுரையில் 'ஏ.ஏ.' என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தார். பிற்காலத்தில் அதைப் பற்றி எழுதிய ஓர் ஆண், அது 'பெயரறியா அமெச்சூர்' என்பதன் சுருக்கம் என்று முடிவு கட்டினார். அங்கேயும் ஒரு லாங் எக்ஸ்போஷர்.

நம் பக்கமும் குறைந்ததில்லை. நெய்தல் என்றால் இரங்கல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். கரையில் தலைவி காத்திருப்பாள், அழுவாள், அவ்வளவுதான். காயும் மீனைக் கவரவரும் பறவைகளை விரட்டும் பெண்களும் அதே பாடல்களில்தான் இருக்கிறார்கள். அது வேலை. எந்த ஆசிரியரும் எங்களிடம் அதை நிறுத்திச் சொன்னதில்லை.

"எல்லாப் படத்திலும் சமூகத்தைக் கொண்டுவர முடியுமா? கொஞ்சம் அமைதி வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். எனக்கும் பால்போன்ற அலை பிடிக்கும். சொல்லிவிடுகிறேன்: அந்த முகாமுக்கு மூன்று வருடம் முன்பு, அதே கரையில் நான் எடுத்த படம் ஒன்று என் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. நீலம், பாறை, மூடுபனி. அதன் மூலக்கோப்பைப் பிறகு தேடித் திறந்தேன். இடது ஓரத்தில் பழுப்பாக ஒரு தீற்றல். தலையும் தோளும் என்று இப்போது தெரிகிறது. அன்று அதைத் தூசி என்று நினைத்து மென்பொருளில் துடைத்திருக்கிறேன். அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

அமைதி வேண்டுமானால் அமைதியாகக் கிடக்கும் இடத்துக்குப் போங்கள். வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, வேலையை அழித்து, அதற்கு அமைதி என்று பெயர் வைக்காதீர்கள். சூரியனுக்கு எதிரே கறுப்பு உருவமாக நிறுத்திக் கூடையோடு எடுக்கிற படமும் வேண்டாம். அதில் முகம் இல்லை.

இப்போது நான் ஃபில்டரைக் கழற்றிவிட்டேன். 1/500 வினாடி. நீர்த்துளி ஒவ்வொன்றும் கண்ணாடிச் சில்லாக நிற்கும். துணி சுற்றிய விரல் பாறையைப் பற்றியிருப்பது தெரியும். அப்படி எடுத்த ஆறு படங்களை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். 'ஃப்ரேமில் நெரிசல்' என்று குறிப்போடு திரும்பி வந்தன.

அந்தப் படங்களை அடுத்த அமாவாசைக்குப் பாம்பன் கொண்டுபோய், அன்று பதில் சொன்ன அந்த அம்மாவிடம் காட்டினேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பாறையை விரலால் தொட்டு உற்றுப் பார்த்தார்.

"தண்ணிப் பளபளப்புத்தான் தெரியுது. அடியில பாசி எம்புட்டு இருக்குன்னு தெரியலையே தாயி."

போலரைசர் வாங்கிப் போட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பளபளப்பை அது வெட்டும். பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.