நாலு ட்ராக், அஞ்சு பேர், ஒரு டெலீட்!

அரியர் கணக்கு, இன்டர்னல் மார்க் எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் நம்ம பக்கத்துக்கு வந்திருக்கும் விருந்தாளி, சட்டைப் பையில் அடங்கும் மல்ட்டிட்ராக் ரெக்கார்டர். ஹாஸ்டல் ரூமில் கிடாரைத் தட்டி பக்கத்து ரூம்காரன் தூக்கத்தைக் கெடுக்கும் அத்தனை பேருக்கும் இந்த வாரம் சமர்ப்பணம். கடைசியில் நான் வாங்கிய பல்பு பற்றி ஒரு வாக்குமூலமும் இருக்கு. அதைப் படிக்காம பக்கத்தைத் திருப்பிடாதீங்க, ப்ளீஸ்.

அது என்ன மல்ட்டிட்ராக்?

சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் குரூப் போட்டோ மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்தில் நின்னு சிரிக்கணும். ஒருத்தன் கண்ணை மூடினாலும் திரும்ப முதல்ல இருந்து க்ளிக். மல்ட்டிட்ராக்கில் அந்தத் தொல்லை இல்லை. முதல்ல கிடாரை மட்டும் பதியலாம். அப்புறம் அதை ஹெட்போனில் கேட்டுக்கிட்டே குரலைத் தனி ட்ராக்கில் பாடலாம். அதுக்கு மேல தாளம், அதுக்கு மேல குழல். இதுக்குப் பேர் ஓவர்டப். ஒவ்வொண்ணும் தனித்தனியா இருப்பதால, குரல் சொதப்பினா குரலை மட்டும் திரும்பப் பாடினாப் போதும்.

நாலு ட்ராக்தானான்னு உதட்டைப் பிதுக்காதீங்க பாஸ். பீட்டில்ஸ் குழு 1967-ல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பமே நாலு ட்ராக் டேப் மெஷின்களில் உருவானதுதான். 1979-ல் டாஸ்கம் கம்பெனி ‘போர்ட்டாஸ்டூடியோ 144’ என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நாலு ட்ராக்! 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தன் வீட்டு பெட்ரூமில் அதை வெச்சுக்கிட்டு, ரெண்டு மைக்கோட பாட்டுகளைப் பதிவு செஞ்சார். தன் பேண்டுக்குப் பாட்டைப் புரிய வைக்க ஒரு மாதிரி, அவ்வளவுதான் திட்டம். அந்த கேசட்டை உறை கூட இல்லாம பாக்கெட்டிலேயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சார். அப்புறம் முழு பேண்டோட ஸ்டூடியோவில் எவ்வளவோ முயற்சி பண்ணியும் பெட்ரூம் கேசட்டில் இருந்த அந்த உணர்வு வரவே இல்லை. கடைசியில் கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமா அதே வருஷம் வெளியிட்டாங்க. இந்தக் கதையை வெச்சு 2025-ல் ஹாலிவுட்டில் ஒரு படமே வந்துச்சு.

அந்தப் பெட்டி சூட்கேஸ் சைஸ். நம்ம விருந்தாளி உள்ளங்கை சைஸ். வேலை ஒண்ணுதான்.

போன் இருக்கே பாஸ்?

நியாயமான கேள்வி. போனில் பேண்ட்லேப், ஐபோனில் கராஜ்பேண்ட் என்று இலவச ஆப்களே மல்ட்டிட்ராக் வேலையைச் செய்யுது. கையில் காசு இல்லைன்னா அதுலயே ஆரம்பிங்க, தப்பே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. ஓவர்டப் பண்ணும்போது ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ, அதுக்கு மேலயோ தாமதம் ஆகும். நீங்க தாளத்துக்குத்தான் பாடுவீங்க, பதிவில் எல்லாமே லேட்டா விழும். ஒயர் ஹெட்போன்தான் சரி.

அப்போ தனி ரெக்கார்டர் எதுக்கு? நல்ல மூடில் பாடும்போது ‘அம்மா காலிங்’ வராது. கிடார் ஜாக்கை நேரா சொருகலாம். அதைவிட முக்கியம், அதில் செய்ய வேற வேலையே கிடையாது. எடுத்தா பாட்டு, வெச்சா தூக்கம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

முதல் உஷார்: அட்டைப்பெட்டி மேல ரெண்டு மைக் படத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. பல கையடக்க ரெக்கார்டர்கள் வெறும் ஸ்டீரியோதான். ‘ஒண்ணைக் கேட்டுக்கிட்டே இன்னொண்ணைத் தனியா பதிய முடியுமா?’ என்று கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்க. அவர் தலையைச் சொறிஞ்சா, அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.

ரெண்டாவது, ஒரே நேரத்தில் எத்தனை பதியும், எத்தனை ஒலிக்கும் என்று தனித்தனியா பாருங்க. நாலு ட்ராக் மெஷின் என்பாங்க. ஆனா, ஒரு தடவைக்கு ரெண்டுதான் பதியும். தனி ஆளா அடுக்கிப் பாடுறவங்களுக்கு அது போதும். நாலு பேர் ஒண்ணா வாசிச்சு நாலு மைக்கில் பிடிக்கணும்னா இந்த சைஸ் சரிப்படாது.

மூணாவது, உங்க வாத்தியம். எலெக்ட்ரிக் கிடார்னா, அதுக்கேத்த இன்புட் இருக்கணும். இல்லைன்னா சத்தம் தகர டப்பா மாதிரி சுருங்கிடும். கண்டென்சர் மைக் வெச்சிருந்தா 48 வோல்ட் ஃபேன்ட்டம் பவர் வேணும். குட்டி மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. டைனமிக் மைக்குக்கு அந்தக் கவலை இல்லை.

நாலாவது, மெமரி கார்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு சுமார் 5 எம்.பி. சாப்பிடும். நாலு ட்ராக், அஞ்சு நிமிஷப் பாட்டு என்றால் 100 எம்.பி.க்குக் கொஞ்சம் மேல. அதனால, பெரிய கார்டுக்கு ஆசைப்பட வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இதை இன்னும் கவனிக்கணும். பழைய எஸ்.டி. வகை 2 ஜி.பி.யோட சரி, அடுத்து வந்த எஸ்.டி.ஹெச்.சி. வகை 32 ஜி.பி. வரைக்கும். பழைய மெஷினில் 64 ஜி.பி. கார்டைச் சொருகினா பல நேரம் ‘நீ யாருப்பா?’ன்னு முழிக்கும்.

சரி, ஆளுக்கேத்த மெஷின் எது? ‘மைக்ரோ பி.ஆர்.’ என்று பாஸ் கம்பெனி 2006-ல் விட்ட குட்டிப் பயலுக்கு உள்ளேயே எஃபெக்ட்ஸும் ரிதமும் இருக்கு. தனி ஆளா டிரம்ஸோட பாட்டு கட்டுறவங்களுக்கு நல்ல துணை. ஆனா, தயாரிப்பு நின்னு போச்சு, செகண்ட் ஹேண்டில்தான் தேடணும். டாஸ்கமின் ‘டி.பி.-004’ நேர் எதிர். எஃபெக்ட்ஸ் எதுவும் கிடையாது. பழைய கேசட் பெட்டி மாதிரி ட்ராக்குக்கு ஒரு வால்யூம் திருகு. மெனுவுக்குள் தொலைஞ்சு போறவங்களுக்கு இது. ஜூம் கம்பெனியின் ‘ஆர்4’ இந்தத் தலைமுறை ஆள். நாலு ட்ராக்கோட, கலந்து வைக்கத் தனியா ஒரு ட்ராக். 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியறதால, லெவல் எகிறினாலும் அப்புறம் இறக்கிக் காப்பாத்தலாம்.

வாங்கியாச்சு... அடுத்து?

சுருதியில் இருந்து ஆரம்பிங்க. கிடார் முதல் ட்ராக்கில் கொஞ்சம் இறங்கியிருந்தா மேல வர்ற குரல், குழல் எல்லாம் அந்தத் தப்புக்குத்தான் தலையாட்டணும். பாடுறவருக்கு ரெண்டு கட்டையா, அஞ்சு கட்டையான்னு முதல்லயே கேட்டுடுங்க. கிடாரிஸ்ட் கைக்கு வசதின்னு ஒரு சுருதியில் பதிஞ்சுட்டு, பாடகர் சரணத்தில் கழுத்து நரம்பு புடைக்க நிக்கிற சோகத்தை நான் நேரில் பார்த்திருக்கேன்.

லெவல் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கட்டும். பூஜ்யத்தைத் தாண்டினா குரல் கிழியும். சாதாரண 16 பிட், 24 பிட் மெஷினில் கிழிஞ்சதைத் தைக்க முடியாது.

ரூமில் பெட்ஷீட், மெத்தை, தலையணை எல்லாத்தையும் பாடுறவரைச் சுத்தி அடுக்குங்க, எதிரொலி குறையும். ஃபேனை நிறுத்துங்க. ஏப்ரல் மாசம்னாலும் நிறுத்துங்க! பாட்டரி நல்லா இருக்கான்னு ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி பாருங்க. பாதியில் உயிர் போனா, ஃபைல் ஒழுங்கா மூடப்படாம அந்த டேக் கைக்கு வராமலே போகலாம். ரீசார்ஜ் பாட்டரி போட்டிருந்தா மெனுவில் அதைச் சொல்லிடுங்க. இல்லைன்னா, அது காட்டுற பாட்டரி அளவை நம்ப முடியாது.

வாக்குமூலம்

எங்க ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணா இருந்தார். மெக்கானிக்கல், ஃபைனல் இயர். சொந்தமா பாட்டு கட்டுவார். பேப்பரில் எழுதவே மாட்டார், எல்லாம் மனசுக்குள்ளதான். ‘ரெக்கார்ட் பண்ணலாம்ணா’ன்னு எப்போ கேட்டாலும் ‘பண்ணலாம்டா தம்பி, எங்கே போயிடப் போறேன்?’ என்பார். நாலு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. புனேயில் வேலை. மறுநாள் மத்தியானம் ட்ரெயின். லைட் மியூசிக் ட்ரூப்பில் கீபோர்டு வாசிக்கிற எங்க சித்தப்பாகிட்ட கெஞ்சி, அவரோட நாலு ட்ராக் ரெக்கார்டரை வாங்கிட்டு வந்தேன். ‘எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காபி எடுத்து வைடா’ன்னு சொல்லித்தான் கொடுத்தார்.

ராத்திரி பதினொரு மணி. ரூம்மேட் கிடார், முதல் ட்ராக். சிவில் பையன் குளிக்கிற பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம், ரெண்டாவது. அண்ணா பாட நின்னதும் கரன்ட் போச்சு. ஹாஸ்டல் முழுக்க ஃபேன் நின்னுச்சு. அப்படி ஒரு அமைதியை அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதே இல்லை. மெஷின் பாட்டரியில் ஓடிக்கிட்டிருக்க, இருட்டில் ஒரே டேக்கில் பாடி முடிச்சார். யாரும் கை தட்டலை. தட்டத் தோணலை.

இன்னும் ரெண்டாம் குரலும் புல்லாங்குழலும் பாக்கி, இருக்கிறதோ ஒரே ட்ராக். அதுக்குத்தான் பவுன்ஸ் என்று ஒரு வழி இருக்கே. பதிஞ்சதை எல்லாம் கலந்து காலி ட்ராக்கில் ஏத்திட்டா, பழைய ட்ராக்குகளை அழிச்சுட்டு மறுபடி பயன்படுத்தலாம். ரூம்மேட் பக்கத்தில் உக்கார்ந்து ‘கிடாரை ஏத்துடா’ன்னு சொல்லச் சொல்ல, நானும் ஏத்தினேன். மூணையும் நாலாவதில் கலந்தேன். ஹெட்போனில் அருமையா இருந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... டெலீட். காபி? விடியக்காலை மூணு மணிக்கு யார் லேப்டாப்பைத் திறக்கிறது?

மறுநாள் அண்ணாவை ஸ்டேஷனில் ஏத்திவிட்டுட்டு, பஸ்ஸில் என் தங்கைக்குப் போன் போட்டு ரெக்கார்டரை ஓடவிட்டுக் காட்டினேன். ‘கிடார் நல்லாருக்குண்ணா. யாரோ பாடுறாங்களே, என்ன பாடுறாங்க?’ என்றாள். போன் லைன் சரியில்லைன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டேன். பல்லவி தவிர எதுவும் புரியலை. கிடாருக்கும் பக்கெட்டுக்கும் அடியில் யாரோ கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருந்துச்சு. ராத்திரி எனக்கு எப்படித் தெளிவா கேட்டுச்சு? எனக்குத்தான் பாட்டு மனப்பாடமாச்சே! வார்த்தை தெரிஞ்ச காது, இல்லாததையும் தானே நிரப்பிக்கும். பாட்டு தெரியாத ஒருத்தர்கிட்ட முதல்ல கேட்கக் கொடுத்திருக்கணும்.

செஞ்சிருக்க வேண்டியது இவ்வளவுதான்: கிடாரையும் பக்கெட்டையும் மட்டும் நாலாவதில் கலந்து, ஒண்ணையும் ரெண்டையும் காலி பண்ணியிருந்தா, குரல் மூணில் பத்திரமா, தனியா இருந்திருக்கும். ரெண்டாம் குரலுக்கும் குழலுக்கும் இடமும் கிடைச்சிருக்கும். வாத்தியத்தைத் திரும்ப வாசிக்கலாம் மக்களே. குரலைக் கடைசி வரைக்கும் எதோடயும் கலக்காதீங்க.

அண்ணாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். திட்டுவார்னு காத்திருந்தேன். ‘பரவால்லடா தம்பி’ன்னு சொல்லிட்டு போனிலேயே மறுபடி பாடிப் பார்த்தார். ரெண்டாவது சரணத்தில் நின்னுட்டார். ‘அன்னிக்கு என்ன வார்த்தை போட்டேன்னு ஞாபகம் வரலைடா’ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்புக்குப் பதிலா நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அதனால, மக்களே, உங்க ஹாஸ்டலிலும் ஒரு அண்ணாவோ, அக்காவோ ‘அப்புறம் பாடுறேன்’னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. எந்த மெஷின் வாங்கலாம்னு மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணாதீங்க. இருக்கிறதை வெச்சு இந்த வாரமே பதிஞ்சுடுங்க. பதிஞ்சதும் மொத்த கார்டையும் யு.எஸ்.பி. ஒயர் போட்டு லேப்டாப்பில் காபி எடுங்க. அப்புறமா தூங்குங்க.

தீபாவளிக்கு அண்ணா ஊருக்கு வர்றார். சித்தப்பாகிட்ட மெஷினை இப்பவே கேட்டு வெச்சுட்டேன். ‘இந்தத் தடவை காபி?’ன்னார். ‘ரெண்டு காபி சித்தப்பா!’

அடுத்த வாரம் வேறொரு கேட்ஜெட்டோட சந்திப்போம். வர்ட்டா!