தங்கலான் பார்த்த ஆம்பூர்க்காரர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அங்கே கட்டிங் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார் அவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி, சாயங்காலம் தியேட்டர். வாரம் ஆறு நாள் தோலின் வாசனையோடு இருப்பவருக்கு, ஏழாம் நாள் வேறு உலகம் வேண்டும். அதனாலேயே மாயம், மந்திரம், வேற்றுக்கிரகம் என்று எது வந்தாலும் முதல் வாரமே பார்த்துவிடுவார்.

கற்பனைப் படங்களுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "ஒரே ஒரு பொய் சொல்லு. அத்த கடைசி வரிக்கும் காப்பாத்து!"

அந்தச் சட்டப்படி 2023-இல் வந்த 'மாவீரன்' பாஸ். பயந்தாங்கொள்ளி கார்ட்டூனிஸ்டுக்கு ஆகாயத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அவ்வளவுதான் பொய். விஜய் சேதுபதியின் குரல் ஒலிக்கும்போதெல்லாம் சிவகார்த்திகேயன் மிரண்டுபோய் மேலே பார்க்கிற பார்வையிலேயே படம் நிற்கிறது. அடுத்த வருடப் பொங்கலுக்கு வந்த 'அயலான்' பாதி பாஸ். வேற்றுக்கிரகவாசி வரும்போது தியேட்டரில் குழந்தைகள் குதித்தார்கள். வில்லன் வரும்போது பெரியவர்கள் செல்போனை எடுத்தார்கள். கிராபிக்ஸ் மேல் அவருக்குக் குறை இல்லை. வில்லனும் அதே பழைய வில்லன்தானா என்பதுதான் அவர் கோபம்.

ஆனால், 2024 ஆகஸ்ட் 15-இல் வெளியான பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' விஷயத்தில் அவருடைய சட்டம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. காரணம், அது அவர் வீட்டுக் கதை.

படத்தின் காலம் 1850. ஊர், வட ஆற்காட்டின் வேப்பூர். நிலத்தை இழந்து அடிமையாகும் தங்கலான், தங்கம் தேடும் வெள்ளைக்காரனோடு கோலார் பக்கம் போகிறான். ஆம்பூர்க்காரரின் தாத்தாவும் கோலாரில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்தான். வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் விசாரித்தால் இப்படித் தாத்தாக்கள் நிறைய கிடைப்பார்கள். ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது 1880-இல். அதன் பிறகு இங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தோண்டிய அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. படம் நடப்பது அந்தக் கம்பெனி வருவதற்கு முப்பது வருடம் முன்னால். அந்தக் காலத்து எளிய ஜனங்களைப் பற்றி யார் எழுதி வைத்தார்கள்? அந்த இடத்தைத்தான் ரஞ்சித் நாகர்கள், ஆரத்தி, பொன்னைக் காக்கும் மண் என்று கற்பனையால் நிரப்புகிறார்.

வசனம் புரியவில்லை என்று பலர் குறைப்பட்டார்கள். ஆம்பூர்க்காரருக்கு அதில் ஒரே சந்தோஷம். "இத்தினி நாளா மதுர பாஷ, கோயமுத்தூர் பாஷயெல்லாம் நாம புரிஞ்சிக்கல? நம்ம பாஷய ஒருவாட்டி அவங்க கேக்கட்டுமே!" வசனத்தில் பங்கு பேரணாம்பட்டு எழுத்தாளர் அழகிய பெரியவனுக்கு. அந்த ஊர் ஆம்பூருக்குப் பக்கம்தான்.

விக்ரமின் நடிப்பை எல்லோரும் புகழ்ந்தாகிவிட்டது. ஜமீனுக்கு முன்னால் குனிந்த முதுகும், தங்கத்தின் வாசனை பட்டபிறகு நிமிரும் முதுகும் இரண்டு வேறு ஆட்கள் போல இருப்பது உண்மைதான். ஆனாலும் அவர் மனசில் நின்றது கங்கம்மாவாக வரும் பார்வதி. புருஷன் பேராசையில் பறக்கும்போது தரையில் நின்று கேள்வி கேட்கிற முகம் அது. பசுபதியும் சிரிக்க வைத்துக்கொண்டே சங்கடப்படுத்துகிறார்.

கிஷோர் குமாரின் கேமரா வெயிலையும் புழுதியையும் காட்டும்போது தொண்டை வறள்கிறது. அதே படத்தில் கருஞ்சிறுத்தை பாய்ந்தால் கம்ப்யூட்டர் தெரிகிறது! இடைவேளைக்குப் பிறகு கனவு, மறுபடி கனவு என்று ஒரே இடத்தில் சுற்றுவதும் அலுப்பு. இருபது நிமிடம் கட் பண்ணியிருக்கலாம். கட்டிங் மாஸ்டர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

படத்துக்கு வெளியே இன்னொன்றும் அவரை உறுத்தியது. பாலாறு கோலார் மாவட்டத்துப் பேத்தமங்கலம் வழியாகத்தான் வாணியம்பாடி, ஆம்பூருக்கு வருகிறது. அங்கே மண்ணைத் தோண்டி எடுத்தவர்கள் போனபிறகு மிச்சம் இருப்பது சயனைடு மண் மேடுகள். இங்கே தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். அந்தத் தோலில்தான் அவர் வீட்டு அடுப்பும் எரிகிறது. தியேட்டரை விட்டு வரும்போது பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்தாராம். தண்ணீர் இல்லை, மணல்தான்.

ஓ.டி.டி.யில் வந்தபிறகு அம்மாவுக்குச் செல்போனில் போட்டுக் காட்டினார். சண்டையில் அம்மா தூங்கிவிட்டார். வேப்பூர்ப் பெண்கள் முதல்முறையாக ரவிக்கை போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிற காட்சியை மட்டும் இரண்டு முறை திரும்பப் போடச் சொன்னார்.

"எங்க ஆயா கடைசி வரிக்கும் ரவிக்கயே போட்டதில்லடா" என்றார்.