கஞ்சி போதாது!

நாரந்தனை உழவன் ஒருவன் புற்றுநோயால் வருந்தினால், பண்ணைப் பாலத்தைக் கடந்து தெல்லிப்பழைக்குக் கொண்டு செல்கிறோம். 2011ஆம் ஆண்டு தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால் எழுந்த மருத்துவமனை அங்கே உண்டு. மருந்துக்கு வழி பிறந்தது, உணவுக்கு?

"நோயாளிக்குக் கஞ்சி போதும், இறாலும் நண்டும் கிரந்தி" என்பது நம் வீடுகளின் தீர்ப்பு. இத்தீர்ப்புக்குச் சான்று யாது? எதிர்ச் சான்றே வலுவாய் நிற்கிறது. புற்றுநோய் உடலில் அழற்சியை மூட்டிப் பசியைக் கெடுக்கிறது. விதைநெல்லைக் குற்றி உண்ணும் குடும்பம்போல், உடல் தன் தசையையே கரைக்கிறது. தசை கரைந்தவன் மருந்தின் கடுமையைத் தாங்கான். முற்றியபின் உணவால் மட்டும் அதனை முழுதும் மீட்கவும் இயலாது.

ஆறு மாதத்தில் நிறை நூற்றுக்கு 5க்கு மேல் குறைந்தால் ஆபத்தென 2011இல் பன்னாட்டு அறிஞர் வகுத்தனர். 60 கிலோ உழவனுக்கு அது வெறும் 3 கிலோ! அவனுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 90 கிராம் வரை புரதம் வேண்டுமென்பது ஐரோப்பிய ஊட்டவியற் சங்கத்தின் நெறி. கஞ்சிக் கோப்பையில் அது கிடைக்குமா? முட்டை ஒன்றில் 6 கிராம் உண்டு. மீனில், நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20. கடல் சூழ்ந்த தீவில் பத்தியத்தின் பெயரால் பட்டினியா? மருத்துவர் விலக்கியன தவிர, நன்கு சமைத்து, சிறுகச் சிறுகப் பலமுறை கொடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பவை இரண்டே. ஊர்காவற்றுறையில் மாதந்தோறும் நோயாளியின் நிறை அளந்து ஏட்டில் பதியப்பட வேண்டும். ஊட்டவியலாளர் தீவுக்கு வந்து வழிகாட்ட வேண்டும். இது சலுகையன்று, வரி செலுத்தும் குடிமகனின் உரிமை!