உறைபனியும் மண்ணடுப்பும்

மண்ணாற் செய்த அடுப்பு உறைபனிக்கு ஆகாது என்பது பலர் எண்ணம். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வாழ்வோருட் சிலர், முற்றத்தில் வைத்துச் சமைக்கும் மட்கல அடுப்பைக் கார்த்திகை பிறந்ததும் மூடிவைத்துப் பங்குனி கழிந்த பின்னரே திறக்கின்றனர். வேறு சிலரோ குளிருக்கு அஞ்சி, அதனை மோட்டார்க் கொட்டகைக்குள் வைத்து எரிக்கின்றனர். முன்னவர் செயல் வேண்டாத அச்சம். பின்னவர் செயல் உயிருக்கே உலை வைப்பது. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் குளிர்நாடுகளிற் குடியேறி வாழ்கின்றமையால், இதுபற்றி நாம் கருதுவதை இம்மலரிற் கூறுதல் பொருந்தும்.

இவ்வடுப்பின் தாயகம் யப்பான். 'கமடோ' என்னும் யப்பானியச் சொல் அடுப்பையே குறிக்கும். இரண்டாம் உலகப் போரின் பின் அங்குத் தங்கிய அமெரிக்கப் போர்வீரர் சிலர் இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1974ஆம் ஆண்டில் அற்லாந்தா நகரில் தோன்றிய 'பிக் கிறீன் எக்' என்னும் நிறுவனம் இதனைப் பலரும் அறியச் செய்தது. முட்டை வடிவும், தடித்த சுவரும், கனத்த மூடியும், கீழொன்றும் மேலொன்றுமாக இரு காற்றுவாயில்களும் உடையது இது. அடியிற் கரி எரியும். வாயில்களைச் சுருக்கியும் விரித்தும் வெப்பத்தை ஆளலாம். நம்மூர்ப் போறணையைக் கண்டவர்க்கு இதன் இயல்பு புதிதன்று. சுவர் வெப்பத்தை வாங்கிவைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றது.

இவ்வியல்பே குளிர்காலத்திற் பெருந்துணையாகின்றது. வினிப்பெக் போன்ற நகரங்களிற் சனவரி இரவுகள் பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியசுக்கு இறங்குதல் வழமை. அக்குளிரில் மெல்லிய தகட்டடுப்பின் வெப்பத்தைக் காற்றுக் கவர்ந்து சென்றுவிடும். தடித்த மட்சுவரோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் ரொட்டி வெதுப்பினும் கத்தரிக்காய் சுடினும், வெளியே பனி கொட்ட, உள்ளே வெப்பம் நிலைபெற்று நிற்கும்.

அங்ஙனமாயின் குளிரில் இவ்வடுப்புகள் வெடிப்பது ஏன்? குளிர் தனியே நின்று அதனைச் செய்வதில்லை. ஈரமும் அவசரமுமே குற்றவாளிகள் என்போம். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிகின்றது. மண்ணின் நுண்டுளைகளிலும் கீறல்களிலும் புகுந்த நீர் உறைந்து விரியின், கலம் பிளக்க இடமுண்டு. எனவே அடுப்பை உறையிட்டு மூடுதலும், ஈரத்தை உறிஞ்சும் சாம்பலை அகற்றுதலும் வேண்டும். மூடியின் விளிம்பிலுள்ள கம்பளிப் பட்டி நனைந்து உறைந்தால், மூடி ஒட்டிக்கொள்ளும். அதனை வலிந்து இழுத்தாற் பட்டி கிழியும். கீழ்வாயிலால் வெப்பக்காற்றைச் செலுத்தி இளக்குதலே முறை.

அடுத்தது அவசரம். குளிர்ந்து கிடந்த அடுப்பிற் பெருந்தீ மூட்டினால், உட்புறம் விரியும். வெளிப்புறம் விரியாது நிற்கும். இவ்விழுபறியிற் சுவர் வெடிக்கும். சிறுதீ மூட்டி, அரைமணி நேரமேனும் பொறுத்து, மெல்ல மெல்ல வெப்பத்தை உயர்த்துக. சூடேறிய கலத்தின்மேல் நீரை ஊற்றற்க. காற்றுக் குறைந்து அடங்கிய தீயின்மேல் மூடியைச் சடுதியாகத் திறந்தாற் சுவாலை முகத்தில் அடிக்கும். முதலில் விரலளவு உயர்த்திச் சற்றே தாமதித்துத் திறத்தல் நன்று.

இவற்றிலே தவறினாற் போவது அடுப்பு மட்டுமே. அடுப்பை உள்ளே கொண்டுசென்றாற் போவது உயிர். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது சேர்கின்றது. தலையிடியும் தலைச்சுற்றும் தோன்றும். உறங்குபவர் அவற்றையும் உணரார். "கொட்டகைக் கதவு திறந்துதானே இருக்கின்றது" என்பாரும் உளர். திறந்த கதவு போதிய காவலன்று. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடுங்குளிரால் மின்சாரம் தடைப்பட்டபோது, கரியடுப்புகளையும் மின்பிறப்பாக்கிகளையும் வீட்டினுள்ளும் கொட்டகையினுள்ளும் இயக்கியமையாற் பலர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடினர்.

வாடைக்காலத்தில் நெருப்பை அண்டி வாழ்தல் தமிழருக்குப் புதியதன்று. வாய் அகன்ற 'தடவு' என்னும் நெருப்புச்சட்டியில் மக்கள் குளிர்காய்ந்ததை நெடுநல்வாடை கூறுகின்றது. ஆனால் இக்கால வீடுகள் குளிர்காற்றுப் புகாவண்ணம் இறுக அடைக்கப்பட்டவை. குளிரை வெளியே நிறுத்தும் அதே சுவர் நச்சு வாயுவை உள்ளே சிறைசெய்யும். பழைய பழக்கத்தைப் புதிய வீட்டிற்கு எடுத்துச் செல்லுமுன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.

நீர் உறைந்தால் விரியும் என்றும், கரி எரிந்தால் எவ்வாயு பிறக்கும் என்றும் வகுப்பறையில் எழுதிப் புள்ளி பெற்றவரே நம் மாணவர். அவ்வறிவு பரீட்சைத் தாளோடு நின்றுவிடலாகாது. அடுப்பங்கரை வரையும் செல்லுதல் வேண்டும். குளிர்நாடுகளில் வாழும் அன்பர்களே, மார்கழியிலும் மண்ணடுப்பை மூட்டுங்கள். சுற்றத்தோடு கூடி உண்ணுங்கள். அடுப்பு மட்டும் வெளியிலே, கதவுக்கும் சாளரத்துக்கும் எட்டவே நிற்கட்டும். காபனோரொட்சைட்டை உணர்த்தும் கருவி ஒன்று வீட்டினுள் இருக்கட்டும். சமைப்பவர் சிறிது குளிர் பொறுத்தலால் வீட்டார் அனைவரும் நலமே வாழ்வர்.