நாய் உங்களுடையது, ஆடு என்னுடையது

வெள்ளகோவில் பக்கம் வந்தால் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் முள் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். கொறங்காடு என்போம். மழை குறைந்த மண் இது, நெல்லும் கரும்பும் வராது. செம்மறியை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டியதில்லை. என் மாமனார் காலத்தில் ஆடுகள் ராத்திரியும் காட்டிலேயே கிடக்கும். வேலி காக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பண்ணையமே நடந்தது. இப்போது எங்கள் வட்டாரத்தில் பலர் பட்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சிலர் ஆட்டையே விற்றுவிட்டு சிட்டாவை மட்டும் வைத்திருக்கிறார்கள். காரணம் நாய்.

2025 தொடக்கத்தில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தது செய்தித்தாள் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அதில் நானும் உட்கார்ந்தேன். அதன்பிறகு தெருநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு 6,000 ரூபாய் இழப்பீடு என்று அரசு அறிவித்தது. இழப்பீடு கேட்டோம், கொடுத்தார்கள், மறுக்கவில்லை. சினை ஆடு ஒன்றைக் குண்டடம் சந்தையில் அந்த விலைக்குக் கேட்டால் வியாபாரி சிரிப்பார் என்பது வேறு விஷயம். எனக்கு உறுத்துவது அந்த அறிவிப்பில் இருக்கிற ‘தெருநாய்’தான்.

எங்கள் காட்டுக்குள் புகுந்த நாய்கள் எல்லாமே தெருநாய்கள் இல்லை. கழுத்தில் பட்டை இருக்கிற நாயை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோட்டத்து வீடுகளில் இப்போது கேமரா வைத்துவிட்டார்கள், அதிலும் பதிவாகிறது. விடிகாலை மூன்று மணிவாக்கில் வேலிச் சந்தில் நுழைகிற மூன்று நாய்களில் ஒன்றுக்குச் சிவப்புப் பட்டை. அதைப் போனில் எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தப்பட்ட தோட்டத்துக்காரரிடம் காட்டினால், “ஏனுங்க, இந்த மாதிரி பட்டை வெள்ளகோவில் கடையில ஆயிரம் விக்குதுங்க, எங்க நாய்ன்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்கிறார். அந்த நாய் அப்போது அவர் காலடியில் படுத்திருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்களில் ஒருவர். பகலெல்லாம் நாயைச் சங்கிலியில் கட்டி வைப்பார். வருகிறவர் போகிறவரைக் கடித்துவிடக் கூடாதே என்று பயம். இருட்டியதும் அவிழ்த்துவிடுவார். தோட்டக் காவலுக்கு அவிழ்த்துவிட்டால்தானே ஆகும் என்பார். நாய் தோட்டத்தையும் காக்கிறது. மற்ற நேரத்தில் நான்கைந்து நாய்களோடு சேர்ந்து பக்கத்துக் காடுகளைச் சுற்றுகிறது. பகலில் அது வீட்டு நாய், இரவில் அது தெருநாய். அரசின் இழப்பீட்டுக் கணக்கில் இரண்டாவது முகம் மட்டும்தான் தெரியும்.

இழப்பீடு வந்த பிறகு இன்னொன்று நடந்திருக்கிறது. ஆட்டைப் பறிகொடுத்தவருக்கே அது தெருநாயாக இருப்பதுதான் வசதி. பக்கத்துத் தோட்டத்து நாய் என்று சொன்னால் ஊரில் பகை, பஞ்சாயத்து, கடைசியில் கையில் ஒன்றும் வராது. தெருநாய் என்று எழுதிக் கொடுத்தால் கால்நடை டாக்டர் பிரேதப் பரிசோதனைச் சான்று தருவார், மனு மேலே போகும், பணம் என்றைக்காவது வரும். நாய்க்காரருக்கும் நிம்மதி, ஆட்டுக்காரருக்கும் ஏதோ கிடைத்தது. ஊர்ப் பணத்தில் இரண்டு பேரும் சமாதானமாகப் போய்விடுகிறார்கள். மறுநாள் இருட்டியதும் அந்த நாய் மறுபடி அவிழ்த்துவிடப்படுகிறது. அதை நிறுத்த வேண்டிய அவசியம் இப்போது யாருக்கும் இல்லை.

“நாங்க வயிறு நிறையச் சோறு போட்டுத்தாங்க அவுத்து விடறோம்” என்று சொல்லாத நாய்க்காரர் கிடையாது. பசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓடுகிற பிராணியைக் கண்டால் துரத்துவது நாயின் பிறவிக் குணம், துரத்துவதிலேயே அதற்கு ஒரு சுகம். அதனால்தான் பட்டியில் பத்து ஆடு செத்துக் கிடந்தாலும் ஒன்றைக்கூட முழுசாகத் தின்றிருக்காது. கழுத்தில் ஒரு கடி, அடிவயிற்றில் ஒரு கிழிசல், அடுத்த ஆடு. வெள்ளாடு என்றால் நாலா பக்கமும் சிதறி ஓடும், சில தப்பிக்கும். செம்மறி ஒரே மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் மாட்டியது பல் படாமலே மூச்சு முட்டிச் சாகும். தப்பித்த சினை ஆடு அடுத்த சில நாளில் குட்டியை வீசிவிடும். ஐந்து மாதம் சுமக்க வேண்டிய வயிறு அது. காயத்தோடு பிழைத்த ஆட்டுக்குப் புண்ணில் புழு வைக்கும், வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாக வேண்டும். குட்டியை வீசிய ஆட்டுக்கும் புழு வைத்த ஆட்டுக்கும் எந்த அறிவிப்பிலும் தொகை கிடையாது. கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே நஷ்டம்தான் என்பது ஆடு வளர்க்காதவர்களுக்குப் புரிய நாளாகும்.

இந்தத் துரத்தல் ஒரு நாளில் வருவதில்லை. குட்டி நாய் முதலில் கோழியைத் துரத்தும், வீட்டார் சிரிப்பார்கள். பிறகு பூனை. எங்கள் வீட்டு அடுக்களையில் எலி பிடித்துக்கொண்டிருந்த சாம்பல் பூனையைப் பக்கத்து நாய் புளியமரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைத்ததை அந்த வீட்டுப் பையன் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான், கீழே சிரிக்கிற பொம்மைகள். “விளையாடுதுங்க அக்கா” என்றான். மரம் இல்லாத இடத்தில் ஒரு நாள் அந்த விளையாட்டு முடிந்தது. பூனைக்கு இழப்பீடு கேட்டு யாரும் மனுக் கொடுப்பதில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் நாயை அந்த வயதில்தான் அதட்டி நிறுத்த வேண்டும். கோழியையும் பூனையையும் துரத்திப் பழகிய நாயை ஆட்டிடம் மட்டும் அடக்கமாக இரு என்றால் அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டு நாய் கண் திறந்த கொஞ்ச நாளிலிருந்து பட்டியிலேயே வளர்ந்தது. ஆட்டுக்குட்டி அதன் முதுகில் ஏறி நிற்கும். இருந்தாலும் ராத்திரி அதையும் கட்டித்தான் வைப்போம், நீளக் கம்பியில் சங்கிலி ஓடுகிற மாதிரி. காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிக் குரைக்கலாம், வேலியைத் தாண்ட முடியாது. செலவு, ஒரு சுருள் கம்பியும் இரண்டு கல்லுக்காலும்.

நாட்டு நாய் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு சிப்பிப்பாறை, கன்னி என்று தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். நம் இனங்கள் அழியாமல் இருப்பது சந்தோஷம். ஆனால் அவை முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறைகளாகப் பழக்கி எடுத்த நாய்கள். புதிதாகப் பிரித்த வீட்டுமனையில் நாலு சென்ட் வீட்டில் வைத்து, சலித்துப்போன நாயைச் சாயங்காலம் திறந்துவிட்டால் அது எங்கே ஓடும் என்று நினைக்கிறார்கள்?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். என் ஆடு வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுச் சோளத்தில் வாய் வைத்தால் என்ன ஆகும்? 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னமும் இருக்கிறது. பயிர்க்காரர் என் ஆட்டைப் பிடித்துத் தொண்டுப்பட்டியில் அடைக்கலாம், நான் தண்டம் கட்டித்தான் மீட்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கால்நடைப் பட்டியலில் ஆடு, மாடு, குதிரை, கழுதை, பன்றி, ஒட்டகம், ஏன் யானைகூட உண்டு. நாய் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது, நாய் பயிர் மேயாது என்று விட்டிருப்பார்கள். ஆடு பயிரைத் தின்றால் ஆட்டுக்காரன் பொறுப்பு; ஆனால் நாய் ஆட்டைக் கொன்றால் நாய்க்காரன் பொறுப்பு என்று சொல்ல ஒரு வரி இல்லை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, வளர்க்கிற பிராணியை அடக்கி வைக்காத கவனக்குறைவுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. படித்ததும் எனக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு பார்த்தால், அது மனித உயிருக்கு ஆபத்தோ உடம்பில் கொடுங்காயம் ஏற்படும் அபாயமோ இருந்தால் மட்டும். ஆடு அதில் வராது. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். இரண்டு ஆட்டுக்காக வாய்தா வாய்தாவாகக் காங்கயத்துக்கு அலைந்தால் மீதி ஆட்டை யார் பார்ப்பது?

அதே சட்டத்தின் 325ஆவது பிரிவில், பிராணியைக் கொன்று சேதம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை. வேண்டுமென்றோ தெரிந்தோ செய்தால்தான் அது குற்றம். ஆகவே நாய் வளர்ப்பவரின் அலட்சியத்துக்கு ஒன்றும் இல்லை, பொறுக்க முடியாமல் விஷம் வைக்கிற ஆட்டுக்காரன் உள்ளே போவான். விஷம் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கறித்துண்டில் தடவி வைத்தால் கீரி, நரி, பருந்து, பாவப்பட்ட இன்னொரு நாய் என்று வரிசையாகச் சாகும். கடித்த நாய் அதைத் தொடாமலே போகலாம். ஆனால் வேறு வழியே விடாமல் வைத்திருந்தால் சிலர் அங்கேதான் போவார்கள். போகிறார்கள்.

இங்கிலாந்தில் 1953லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். ஆட்டை நாய் கடித்தால் மட்டும் இல்லை, துரத்தினாலே வளர்ப்பவர் குற்றவாளி. 1971இல் வந்த இன்னொரு சட்டப்படி ஆடு மாடு செத்தால் நாய் வைத்திருப்பவர் நஷ்டஈடு கட்டியாக வேண்டும். நாய் முரடு என்று எனக்குத் தெரியாது என்பதெல்லாம் செல்லாது. அவர்களும் நாயை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள்தான்.

இங்கே நாயைப் பற்றிய பேச்செல்லாம் நகரத்துத் தெருவைப் பற்றியது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்னது, பத்துப் பன்னிரண்டு நாளில் அதை மாற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. டி.வி.யில் நாய்ப் பிரியர்களும் நாய்க்கடி பட்டவர்களும் மாறிமாறிக் கத்தினார்கள். ஆட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்கவில்லை. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊராட்சியில் எந்த வீட்டில் எத்தனை நாய் என்று எழுதிய ஒரு நோட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

இப்படிச் சொன்னதும் தெருநாய்களே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன, நிறைய. கறிக்கோழிப் பண்ணைக் கழிவையும் கறிக்கடைக் கழிவையும் ஓடைக்கரையில் கொட்டிக் கொட்டியே வளர்த்திருக்கிறோம். கருத்தடை வேகமாக நடக்க வேண்டும், அது அரசின் வேலை. ஆனால் அந்தத் தெருநாய்களும் வானத்திலிருந்து விழவில்லை. வீட்டு நாய் ஈன்றதில் கடுவன் குட்டியை வைத்துக்கொண்டு பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி, இரவோடு இரவாகப் பக்கத்து ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. எங்கள் ஊர்க் குட்டிகள் அங்கே, அந்த ஊர்க் குட்டிகள் இங்கே.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை, அது வரும்போது வரட்டும். ஊராட்சியில் ஒரு பதிவேடு போடட்டும், நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு எண் வில்லை தொங்கட்டும். ஆடு செத்தால் வி.ஏ.ஓ.வும் கால்நடை டாக்டரும் சான்று எழுதும்போது, இது யாருடைய நாய் என்ற கேள்வியும் அந்தப் படிவத்தில் இருக்கட்டும். கேமராப் பதிவு இருந்தால் அதைப் பார்க்கட்டும். ஆட்டுக்காரருக்கு அரசு இப்போது தருகிற பணத்தைத் தாமதமில்லாமல் தரட்டும், நாய்க்கு ஆள் இருப்பது தெரிந்தால் அந்தப் பணத்தை அவரிடம் வசூலிக்கட்டும். ஒரு தடவை ஒருவர் 6,000 கட்டினால் போதும், ஊரில் உள்ள கடைகளில் சங்கிலி தீர்ந்துவிடும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் நாய் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சிவப்புப் பட்டைக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, “ராத்திரிக்குக் கட்டிப் போடச் சொல்றது சரிங்க அம்மிணி, காசு கட்டச் சொல்ற பத்திய மட்டும் எடுத்துடுங்க, போடறேன்” என்றார். எடுக்கவில்லை.