கரையைப் படிப்போம்: ஒரு வாசிப்பு இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

கடற்கரை மண்ணில் பறிபோவதற்கு முன்பே தாளில் பறிபோய்விடுகிறது. முதலில் ஒரு வரைபடத்தில் கோடு நகர்கிறது. பிறகு ஓர் அறிக்கையில், மீனவர்கள் வலை காயப்போடுகிற திடல் தரிசு நிலம் என்று பதிவாகிறது. சில வருடம் கழித்து மண் அள்ளும் இயந்திரம் வந்து நிற்கும்போதுதான் ஊர் திரள்கிறது. அதற்குள் விழ வேண்டிய கையெழுத்தெல்லாம் விழுந்திருக்கும். அந்தத் தாள்களையும், அவற்றுக்கு எதிராகப் பேசுகிற புத்தகங்களையும், எந்தத் தாளிலும் ஏறாத கடலறிவையும் கரையோர மக்கள் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக இந்த வாசிப்பு இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்களில் சிலர் ஒருவரையொருவர் முதன்முதலில் பார்த்தது ஒரு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் போலீஸ். மேசைமேல் இருந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தலையணை கனம், முழுக்க ஆங்கிலம். தமிழில் கைக்குக் கிடைத்தது சில பக்கச் சுருக்கம்தான். வலை பின்னிக் காய்த்துப்போன விரல்களால் ஒரு பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, இதுல எங்க பாடு எங்க இருக்கு?"

பழவேற்காட்டு ஏரிப் பக்கம் பாடு என்றால் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை விரிப்பது என்று ஊர் கூடி முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு. தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது. அறிக்கையில் அந்தச் சொல்லே இல்லை. பட்டம் வாங்கிய எங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்குப் பதில் சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கத்திலிருந்துதான் இந்த இயக்கம் பிறந்தது.

கரையோரத்தில் ஒருவர் முதலில் படிக்க வேண்டிய எழுத்து எது என்று கேட்டால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்றே சொல்வோம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரியில் முதல் அறிவிக்கை வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறி வந்து தொடும் எல்லையிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அது வகுத்தது. அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்தன. 2011-ல் அதன் இடத்தில் ஒரு புதிய அறிவிக்கை, 2019-ல் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2011-ல் ஊரகக் கரைகளில் 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாத பகுதி. 2019-ல், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில், கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபின், அது 50 மீட்டர். ஒரே ஒரு எண் 150 மீட்டர் கரையை விழுங்கிவிட்டது. மீனவர்கள் வீடு கட்டிக்கொள்ள இது உதவும் என்றார்கள். உதவும் இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விடுதி கட்ட வருகிறவருக்கும் அதே 50 மீட்டர்தான். அந்த எண்ணைக் கரையோர ஊர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அறிய முடியாதபடி மொழியே சுவராக நின்றது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு அறிவிக்கை வந்தபோது, நாட்டு மக்கள் எல்லாரும் கருத்துச் சொல்ல வேண்டிய ஆவணம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் படிப்பது சலுகை ஆகாது. எந்தக் கரையைப் பற்றி எழுதுகிறார்களோ, அந்தக் கரையின் மொழியில் எழுதட்டும்.

சட்டத்தைப் படித்தால் மட்டும் கரை விளங்கிவிடாது. மணலையும் படிக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். நடுவில் ஒரு கல்சுவர் கட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் வீடுகளைத் தின்றது. இது தெரிந்தும், 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் மறுபடி சுவர் எழுப்பினார்கள். ஊர்க் கரையில் மணலே இல்லாமல் போய்க் கருங்கல் கொட்டினார்கள். ஓர் ஊரைக் காக்கக் கொட்டும் கல், வடக்கே உள்ள அடுத்த ஊரை அரிக்கும். இதைச் சொல்ல ஒரு நூற்றாண்டு அனுபவம் நம் கண்முன் கிடக்கிறது. பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைப் படம் போட்டு விளக்கலாம். விளக்குவோம்.

இனிப் புத்தகங்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வெளிவந்தது. அதை மென்மையான காதல் கதை என்று நினைவில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்னொரு முறை திறக்க வேண்டும். தன் வல்லத்தை விற்க மனம் வராத ஒரு மனிதரும், வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் மூளும் பகையும் அந்தச் சின்ன நாவலின் எலும்பு. விசைப்படகு வந்த பிறகு கரை இரண்டாக உடைந்த கதையை அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எங்களுக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் கழித்து, 1983-ல்தான் தமிழ்நாடு கடல்சார் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது. நாவலையும் சட்டத்தையும் ஒரே மாலையில் சேர்த்துப் படிப்போம். ஒன்று மற்றொன்றுக்கு உரை.

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தது. ஆழிப்பேரலை நம் கரையைப் புரட்டிப்போட்ட அதே ஆண்டு. ஆமந்துறை என்ற பரதவர் ஊரின் மூன்று தலைமுறை அதில் இருக்கிறது. அதன் பேச்சு வழக்கு கடினம் என்று நகரத்து வாசகர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு மீனவரைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; காற்று, நீரோட்டம், கயிறு, முடிச்சு எல்லாம் தானே விளங்கும். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யையும் விடக் கூடாது. கரையில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று அது காட்டும்; அது தெரியாமல் கரையைக் காக்கப் புறப்படுகிறவர்கள் தோற்பார்கள்.

கட்டுரை நூல்களில் முதலில் வறீதையா கான்ஸ்தந்தின். விலங்கியல் பேராசிரியர், குமரிக் கரையின் பிள்ளை. அவருடைய 'அந்நியப்படும் கடல்' என்ற தலைப்பே ஒரு குற்றச்சாட்டு. ஆங்கிலம் அறிந்தவர்கள் கார்த்திக் சங்கர் கடலாமைகளைப் பற்றி எழுதியதையும், யுவன் ஏவ்ஸ் சென்னையின் கரையையும் சதுப்பையும் நாட்குறிப்பாக எழுதி 2023-ல் வெளியிட்டதையும் படித்துவந்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். ரேச்சல் கார்சனை நம்மில் பலர் பூச்சிமருந்துக்கு எதிராக எழுதியவராக மட்டுமே அறிவோம். 'மௌன வசந்தம்' 1962-ல்தான் வந்தது. அதற்கு முன் 1941, 1951, 1955 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதிய மூன்று நூல்களும் கடலைப் பற்றியவை. அமெரிக்க அரசின் மீன்வளத் துறை அலுவலகத்தில் சிற்றேடுகள் எழுதிப் பழகிய கை அது. சாதாரண மக்களுக்குக் கடலறிவியலை எப்படிச் சொல்வது என்பதற்கு அவரை ஆசானாகக் கொள்வோம். அவர் எழுதியது அமெரிக்கக் கரை. நம்முடையது தமிழ்க் கரை. அந்த வேறுபாட்டை நாம் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆய்வறிக்கைகளுக்குப் பயப்பட வேண்டாம். 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆரம்ப காலத்தில் மண்டபத்தில்தான் இயங்கியது. மன்னார் வளைகுடாவைப் பற்றி முக்கால் நூற்றாண்டாக அது எழுதிவரும் தாள்கள் நம் பணத்தில் எழுதப்பட்டவை. அந்த வளைகுடாவில் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவுக்குக் கரையில் ஆவுளியா என்று பெயர். இது எங்களுக்கு ஒரு கொள்கை: மொழிபெயர்க்கும்போது கரையின் பெயரே நிற்கும். ஆலிவ் ரிட்லி என்று எழுதமாட்டோம், பங்குனி ஆமை என்போம். மணல்மேட்டைக் கட்டிப்பிடித்து நிற்கும் செடிகள் அடும்பும் இராவணன் மீசையும். பெயர் போனால் பொருளும் கூடவே போகும்.

எழுதப்படாத நூல்தான் பெரியது. வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து. எந்தக் காற்றில் எந்த மீன் கரை ஒதுங்கும், எந்த நாளில் கடலில் இறங்கக் கூடாது என்று சொல்லக் கரையில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகள் கடலுக்குப் போவது குறைந்துவருகிறது. மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்க மூழ்கும் பெண்கள், பாசி மறுபடி வளர இடம் விட்டு, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளே முடிவு செய்துகொண்டவர்கள். கடல் காப்பதைப் பற்றி அவர்களுக்கு வகுப்பெடுக்க எவருக்கும் தகுதி இல்லை. அவர்கள் எடுக்கும் வகுப்பில் உட்காருவோம், சொன்னதை எழுதிக்கொள்வோம், எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்வோம். அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு வரியும் வெளியே போகாது.

ஆகவே நாங்கள் உறுதி எடுத்துக்கொள்வது இது. மாதம் ஒருமுறை, பௌர்ணமி மாலையில், ஏலக்கூடத்திலோ கோயில் திண்ணையிலோ தேவாலய முற்றத்திலோ பள்ளிவாசல் நிழலிலோ கூடி வாசிப்போம். ஒவ்வோர் அமர்விலும் ஒரு கதை, ஓர் அரசுத் தாள், கரையின் மூத்தவர் ஒருவரின் பேச்சு. மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் வரக்கூடிய நேரமாகவே நேரத்தை வைப்போம். அவர்கள் இல்லாத அமர்வை அமர்வாகக் கணக்கில் எடுக்கமாட்டோம். எந்தக் கரையில் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டாலும், சட்டம் தருகிற 30 நாள் அவகாசத்துக்குள் அந்த அறிக்கையைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு அத்தியாயம் தமிழாக்கி ஊரிடம் கொடுப்போம். ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் அதைப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. கட்சிப் பணமோ நிறுவனப் பணமோ வாங்கமாட்டோம். தலைவர் பதவி கிடையாது. அமர்வு நடக்கும் ஊரே அன்றைக்குத் தலைமை.

கடலோடு சம்பந்தமில்லை என்று நினைக்கும் உள்நாட்டு வாசகருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊர் ஆற்றில் அள்ளிய மணல் கரைக்கு வந்து சேர வேண்டிய மணல். உங்கள் வாய்க்காலில் மிதக்கும் பிளாஸ்டிக் பை வெள்ளத்தோடு கடலுக்குத்தான் போகும். நீங்களும் வாருங்கள்.

கரையில் இருப்பவர்கள் முதல் அமர்வுக்கு உங்கள் ஊரின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தைக் கொண்டுவாருங்கள். உங்கள் தெரு, வலை காயப்போடும் திடல், மீன் காயவைக்கும் களம், சுடுகாடு எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று சேர்ந்தே பார்க்கலாம். வரைபடம் கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்.